எந்த நூலையும் மூன்று இடத்தில் திறந்து பார்த்தவருக்கு

பணி நிறைவு பெறும் எங்கள் பெருமதிப்பிற்குரிய நூலகர் அவர்களே!

அட்டையைக் கண்டால் அகம் மலரும் அம்மையே! அலமாரியில் அடங்கிய நூலையும் அலமாரியில் அடங்காத நூலையும் ஒரே கண்ணால் பார்த்த பெருந்தகையே! மூடியிருப்பது எதுவானாலும் மூடியபடி விட்டுவிட மனம் வராத முதன்மைமிகு தலைவியே! கேள்வியால் வளர்ந்து, கேள்வியால் எங்களை வளர்த்து, கேள்வி கேட்டே எதிரில் நிற்பவரைக் களைப்படையச் செய்த கேண்மையே! உங்கள் உடன்பணியாளர்கள் கூடி நின்று வணங்குகிறோம்.

இதற்கு மேலும் ஒரு பக்கத்துக்குப் புகழ்மொழிகள் எழுதித்தான் வைத்திருந்தோம். அதற்குள் நீங்கள் எங்கள் மேசைப் பக்கம் வந்து, தாளின் ஓரத்தைத் தூக்கி, "உள்ள என்னதான் எழுதிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டீர்கள். மறைத்தோம். நீங்களும் விடவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனையோடு நகர்ந்தீர்கள். "மூஞ்சிக்கு நேரா புகழாதீங்க, எங்க பாக்கிறதுன்னே தெரியாது. நான் அங்க இல்லன்னு நினைச்சுக்கிட்டு, யாரோ ஒருத்தி கதை மாதிரி சொல்லுங்க. அடுத்து என்ன ஆகும்னு நானும் உக்காந்து கேப்பேன்."

மேலதிகாரியின் கடைசி உத்தரவு, மீற முடியாது. ஆகவே அவையோரே, இனி நாங்கள் சொல்லப்போவது ஒரு நூலகரைப் பற்றி. அவர் இந்த அரங்கில் இல்லை. முன்வரிசையில் கைக்குட்டையோடு அமர்ந்திருப்பவர் வேறு யாரோ. இன்னொன்று. இந்த மடலை வாசிப்பவர் நடுநடுவே நிறுத்தி விரலை அசைப்பார். தொண்டை அடைத்துவிட்டதோ என்று யாரும் தண்ணீர் கொண்டு ஓட வேண்டாம். காரணம் போகப்போகத் தெரியும்.

அந்த நூலகருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'என்னதான் மேடம்'. பெயர்க் காரணம் கேட்க வேண்டியதில்லை. கட்டு வந்தால் 'உள்ள என்னதான் இருக்கு', கூட்டம் கூடினால் 'அங்க என்னதான் நடக்குது', ஒரு பையன் சிரித்தால் 'அதுல என்னதான் இருக்கு, எனக்கும் காட்டு'. வீட்டிலும் இதே கதைதான் என்று அவர் கணவர் சொல்லியிருக்கிறார். உறவினர் வீட்டுக்குப் போனால் பாத்திரத்தின் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவாராம். ஒருமுறை நாத்தனார் பீரோவையே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு காப்பி கொடுத்தாராம். "திறந்தா என்ன, திருடவா போறேன்?" என்று இவர் சிரித்துக்கொண்டே குடித்தாராம்.

நூலகத்தில் இந்தக் குணம் ஒரு வழக்கமாகவே ஆகியிருந்தது. புதிய நூல் எதுவும் அவர் கை படாமல் அலமாரிக்குப் போகாது. முதலில் தொடக்கத்தில் திறப்பார், தடவுவார், மூடுவார். பிறகு நடுவில் திறப்பார், மூடுவார். பிறகு கடைசிப் பக்கங்களுக்குச் சற்று முன்னால். புத்தகக் கட்டு இளகி, முதுகு வெடிக்காமல் இருக்க இது நல்லது என்பது அவர் சொல்லும் காரணம். திறந்த இடத்தில் ஒரு பக்கம் படித்துவிடுவார் என்பது சொல்லாத காரணம். அதனால்தான் மீன்கள் தூங்குமா என்று கேட்டு வந்த பெண்ணையும், மணல் ஏன் பாடுகிறது என்று கேட்டு வந்தவனையும் பட்டியலைப் பார்க்காமலே நேராக அலமாரிக்கு அழைத்துப் போக அவரால் முடிந்தது.

இப்படி இருந்தவரிடம்தான் ஒரு நாள் மின்னூல் வந்தது.

அந்த வயதில், அந்தப் பதவியில் இருப்பவர்கள் பலரும் முகம் சுளித்த காலம் அது. இவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, விற்க வந்த நிறுவனத்துப் பிரதிநிதியைக் குடைய ஆரம்பித்தார். சில மின்னூல்களை ஒரு நேரத்தில் ஒருவர்தான் திறக்க முடியும், மற்றவர் காத்திருக்க வேண்டும் என்று பிரதிநிதி விளக்கியபோது இவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "தாளே இல்லாத புத்தகத்த இன்னொருத்தர் எடுத்துட்டுப் போயிட்டார்ங்கிறீங்க. எங்கதான் எடுத்துட்டுப் போனார்?" அந்தப் பிரதிநிதி கொண்டுவந்த பதில்கள் அனைத்தும் அந்த ஒரே கேள்வியில் தீர்ந்துபோயின. உரிமம் வாங்கியிருப்பது ஒரு பிரதிக்குத்தான், அது ஒருவரிடம் இருக்கும்போது இன்னொருவருக்குக் கிடைக்காது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இவர் விடவில்லை. தேர்வுப் பாடநூல்களுக்கு மட்டுமாவது எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் திறக்கும்படி உரிமம் தந்தால்தான் கையெழுத்து என்றார். தந்தார்கள். அதற்கு முன்பெல்லாம் தேர்வு வாரத்தில் ஒரே பாடநூலுக்குப் பத்துக் கைகள் நீளும். மறைத்து வைப்பார்கள், பக்கத்தைக் கிழிப்பார்கள். அந்த ஆண்டு முதல் அந்தச் சண்டை ஓய்ந்தது. பகலில் வேலை பார்த்து மாலையில் படிக்க வருபவர்கள் பேருந்தில் நின்றபடியே படித்தார்கள்.

ஒப்பந்தத்தில் இன்னொரு பிரிவும் இருந்தது. பாடநூல் அல்லாத ஏராளமான நூல்கள் நம் பட்டியலில் தெரியும். ஆனால் அவை நம்முடையவை அல்ல. வாசகர்கள் ஒரு நூலை மூன்று முறை திறந்துவிட்டால், மூன்றாம் திறப்போடு அது தானாக விலைக்கு வாங்கப்பட்டுவிடும். யாரும் படிக்காத நூலுக்குப் பணம் போகாது, படிக்கிற நூல் மட்டும் வந்து சேரும். நல்ல ஏற்பாடு. நூலகரும் படித்துப் பார்த்து, நல்ல ஏற்பாடு என்றுதான் ஒப்பமிட்டார்.

அவையோருக்கு இப்போது ஏதோ உறைத்திருக்க வேண்டும். உறைக்காவிட்டால் அவர் புதிய நூலைத் திறக்கும் வழக்கத்தைச் சொன்னபோது கவனிக்கவில்லை என்று பொருள்.

பட்டியல் திறந்த அன்றே அவர் தம் வழக்கத்தைத் தொடங்கிவிட்டார். முதலில் தொடக்கத்தில் திறந்தார், மூடினார். நடுவில் திறந்தார், மூடினார். கடைசிக்குச் சற்று முன்னால் திறந்தார், மூடினார். இளக வேண்டிய முதுகு அதற்கு இல்லை என்பது அவருக்கும் தெரியும், கை கேட்கவில்லை. வாசகருக்கு எப்படித் தெரிகிறதென்று பார்க்க வேண்டும் என்பதற்காக வாசகர் கணக்கிலேயே நுழைந்திருந்தார். திறப்பது நூலகர்தானே, இது கணக்கில் வராது என்று அவர் நினைத்தார். வாசகர் கணக்கில் வந்தது நூலகர் என்று கணினிக்குத் தெரியவா போகிறது? தேனீக்களின் நோய்கள், கால்வாய்க் கதவுகள், மண்டபங்களில் எதிரொலி, பொத்தான்களின் வரலாறு என்று வாரம் முழுக்க ஆசை தீரத் திறந்துகொண்டே போனார். வாரக் கடைசியில் நிறுவனத்திலிருந்து வாழ்த்துச் செய்தி வந்தது. எங்கள் வாசகர்களின் அறிவுத் தாகம் அவர்களை மெய்சிலிர்க்க வைத்ததாம். ஆண்டு முழுமைக்குமான நூல் நிதி மொத்தமும் தீர்ந்துவிட்டதாம்.

அன்றுதான் அவர் முதல்முறையாக எதையும் கேட்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தோம். தேநீர் ஆறிப்போய் ஆடை கட்டியது. பிறகு எழுந்து, தாமே கல்லூரி முதல்வரிடம் போய், "நான்தான் செஞ்சேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

நூலகக் குழுவின் தலைவர் அப்போது பாலங்கள் கட்டும் பாடத்தின் பேராசிரியர். எல்லாருக்கும் 'பாலம் சார்'. மின்னூல் என்ற சொல்லையே அவருக்குப் பிடிக்காது. கையில் கனக்காதது புத்தகமே இல்லை என்பது அவர் கட்சி. அவர் இரண்டு தீர்மானங்களை எழுதி அனுப்பினார். ஒன்று, மின்னூல் ஒப்பந்தத்தை அடியோடு ரத்து செய்வது. மற்றொன்று, நூலகப் பொறுப்பை இவரிடமிருந்து எடுத்துவிடுவது. பருவத்தின் முடிவில் குழு கூடும். அதற்குள் இந்த நூல்களை யாராவது படிக்கிறார்கள் என்று காட்டினால் உண்டு. இல்லாவிட்டால் பாடநூல்களும் சேர்ந்தே போகும், பேருந்தில் நின்று படிக்கிறவர்கள் பழையபடி கைநீட்ட வேண்டியதுதான். தம் பொறுப்பு போவதைவிட அதுதான் அவரை அரித்தது.

நிறுவனம் மாதந்தோறும் ஓர் அறிக்கை அனுப்பும். எந்த நூல் எப்போது, எத்தனை முறை திறக்கப்பட்டது, எத்தனை திரை முன்னோ பின்னோ புரட்டப்பட்டது என்று வெறும் எண்கள். நூலகர் அதை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினார். காகித நூலில் வாசகரைத் தெரிந்துகொள்ளலாம். மடித்த ஓரம், பென்சில் கோடு, காப்பிக் கறை, ஏதாவது இருக்கும். இதில் ஒன்றுமே இல்லையே என்று அங்கலாய்த்தார். தேனீயைத் திறந்தவர் யாருமில்லை. கால்வாயைத் திறந்தவர் யாருமில்லை. ஆனால் பொத்தான்களின் வரலாறு தினமும் காலையில், வகுப்பு தொடங்கும் முன்னால், திறக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

பொத்தானா என்று நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை, அவர் கண் வேறொன்றில் நின்றுவிட்டது. அது சின்னப் புத்தகம். ஆனால் புரட்டிய திரைகளின் எண்ணிக்கையோ அதன் பக்கங்களைப் போல் பல மடங்கு. திரும்பத் திரும்பப் படிக்கிறாரா? அப்படியானால் பின்னால் போக வேண்டுமே, இவர் முன்னால்தானே போய்க்கொண்டிருக்கிறார்? இரண்டு நாள் இதே பேச்சு. மூன்றாம் நாள் தாமே அந்த நூலைத் திறந்து, இதை அழுத்தி அதை அழுத்தி, எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனார். ஒரு பக்கம் உடைந்து பத்துத் திரையானது. அப்போது சொன்னார், "இவருக்குக் கண்ணு சரியாத் தெரியல."

உடனே பிரதிநிதியைத் தொலைபேசியில் பிடித்தோம். நூலகரின் கணக்கில் நுழைந்து அறிக்கையில் அந்த நூலின் வரியைத் தொட்டால் போதும், வாசகரின் பெயரே வந்துவிடும் என்றார். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. பெயர் கிடைத்தால் ஆளைக் கூட்டத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடலாம். தொடுங்கள் மேடம், தொடுங்கள் என்று சுற்றி நின்று நச்சரித்தோம்.

அவர் கை அந்த வரியின் மேல் வந்து நின்றது. அவையோரே, இவர் உறவினர் வீட்டுப் பாத்திரத்தைத் திறந்து பார்த்தவர். ஓர் ஆண்டு நிதியைத் திறந்து பார்த்தே தீர்த்தவர். அந்த வரியைத் தொடாமல் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இத்தனை வருஷத்துல யார் என்ன புத்தகம் எடுத்தாங்கன்னு யார்கிட்டயாவது சொல்லிருக்கோமா? கேட்ட அப்பா அம்மாகிட்டகூடச் சொன்னதில்ல. தாள்ல இல்லாததால அது மாறிடுமா?"

எங்களுக்கு ஏமாற்றம்தான். சற்றுக் கோபமும் வந்தது; அதையும் சொல்லிவிடுகிறோம். ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. முகம் தெரியாத அந்த வாசகருக்காக ஒவ்வொரு மின்னூலையும் எடுத்து எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். இந்த முறை நூலகர் கணக்கில், நான்கு முறை உறுதி செய்துகொண்டு. பாதி நூல்கள் பக்கத்தைப் படம் பிடித்து வைத்தவை. பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடியது. எழுத்து திரைக்குள் அடங்கி ஓடும் பதிப்பாக மாற்றித் தராவிட்டால் விடமாட்டேன் என்று நிறுவனத்தோடு மடல் மேல் மடலாகச் சண்டை போட்டார். நூலகத்தின் முகப்புத் திரையில் எழுத்தைப் பெரிதாக்கும் வழியையும், நூலை உரக்கப் படிக்க வைக்கும் வழியையும் பெரிய எழுத்தில் போட்டு வைத்தார். "அவர் பாத்தா பிரயோஜனப்படும்" என்றார்.

குழு கூடியது. எங்களில் பட்டியல் பிரிவுக்காரர் குறிப்பெடுக்கப் போயிருந்ததால் நடந்தது அத்தனையும் எங்களுக்குத் தெரியும். பாலம் சார் தீர்மானங்களை வாசித்தார். வாசித்தார் என்றா சொன்னோம், தாளைப் பார்க்காமல் மனப்பாடமாகச் சொன்னார். அவர் வகுப்பும் அப்படித்தான், நினைவிலிருந்தே நடத்துவார் என்று பெருமையாகப் பேசிக்கொள்வோம். முதல்வர் நூலகரைப் பார்த்து, வாங்கிய நூல்களில் ஒன்றையாவது படிக்கிற ஒருவரைச் சொல்லுங்கள் என்று கேட்டார்.

பொத்தான்களின் வரலாற்றைத் தினமும் ஒருவர் படிக்கிறார் என்று இவர் சொன்னார். யாரோ சிரித்தார்கள். யார் அவர் என்றார் முதல்வர்.

"தெரியாது சார்."

தெரிந்துகொள்ள வழி இல்லையா என்று கேட்டார்.

"வழி இருக்கு. நான் பாக்கல. பாக்கவும் மாட்டேன்."

அதற்கு மேல் தம்மிடம் சொல்ல எதுவும் இல்லை என்றும், தீர்மானம் எப்படி முடிந்தாலும் பாடநூல்களை மட்டும் மாணவர்களிடமிருந்து எடுத்துவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முதல்வர் பேனாவைத் திறந்தார். பட்டியல் பிரிவுக்காரருக்கு அழுகை வந்துவிட்டதாம்.

அப்போதுதான் பாலம் சார் சொன்னார், "அது நான்தான்."

கூட்டத்தில் கேலியாக வாசித்துக்காட்ட ஒரு வரி தேடித்தான் அந்த நூலை அவர் திறந்திருக்கிறார். எழுத்து வழக்கம்போலப் புகையாகத் தெரிந்திருக்கிறது. திரையை எரிச்சலோடு இரண்டு விரலால் தள்ளியபோது எழுத்து பெரிதாகிவிட்டது. இன்னும் தள்ளினார், இன்னும் பெரிதானது. ஓர் ஆண்டுக்கு மேலாக அவர் எதையும் படிக்க முடியாமல் இருந்திருக்கிறார். வீட்டிலும் சொல்லவில்லை, கல்லூரியிலும் சொல்லவில்லை. சொன்னால் வரைபட வகுப்பை எடுத்துவிடுவார்கள் என்ற பயம். கேலிக்கு வரி தேடியவர் முதல் அத்தியாயத்தை முடித்தார். பொத்தான் வருவதற்கு முன்னால் மனிதர்கள் உடையை எப்படித்தான் கட்டிக்கொண்டார்கள் என்று தெரியாமல் மறுநாள் அவரால் இருக்க முடியவில்லை. ஒரு மாதமாக அதை ஒளித்து ஒளித்துப் படித்ததாகவும், நூலகத்தின் முகப்பில் அந்த அறிவிப்பைப் பார்த்த அன்று தம்மைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நடுங்கிப்போனதாகவும் சொன்னார். இன்று பெயரைச் சொல்வார், சொல்வார் என்று காத்திருந்தாராம்.

பிறகு நூலகரிடம் திரும்பிக் கேட்டார், "நீங்க பாத்திருக்கலாமே. ஏன் பாக்கல?"

"பாக்கணும்னு உயிரே போச்சு சார். ஆனா நீங்க படிக்கிறது உங்களோடது."

தீர்மானங்கள் எழுதிய தாளைப் பாலம் சார் நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஒப்பந்தம் ரத்தாகாமல் நீடித்தது. மூன்றாம் திறப்புக்கு முன்னால் நூலகரின் ஒப்புதல் வேண்டும் என்று ஒரு திருத்தம் மட்டும் சேர்ந்தது. அதற்கு ஏன் சிரித்தார்கள் என்று குறிப்பேட்டில் இல்லை. வரைபட வகுப்பும் பாலம் சாரிடமே இருந்தது. சுவர் அளவுத் திரையில், ஆள் உயர எழுத்தில்.

அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளில் மின்னூல்கள் பெருகிய கதை அவையோர் அறிந்ததே. எல்லாம் சுகமாக நடந்தது என்று பொய் சொல்ல மாட்டோம். சில நூல்களை நிறுவனம் சொல்லாமல் கொள்ளாமல் எடுத்துக்கொண்டது. தேர்வு நாளில் இணைப்பு அறுந்தது. அப்போதெல்லாம் அவர் பழைய அலமாரிக்கு நடந்தார். நூலெல்லாம் கைப்பேசியில் வந்த பிறகும் படிப்பறை ஏன் நிரம்பி வழிகிறது என்பது அவருக்கு நெடுநாள் புதிர். ஒரு மாணவியிடம் கேட்டே விட்டார். வீட்டில் படித்தால் தூக்கம் வருகிறது, இங்கே நாலு பேர் படிப்பதைப் பார்த்தால் வருவதில்லை என்றாள். மறுவாரமே இன்னும் இரண்டு நீள மேசைகள் வாங்கிப் போட்டார்.

முன்வரிசையில் இருப்பவரே, கதை முடிந்தது. இனி நீங்கள் எங்கள் நூலகராகத் திரும்பி வரலாம்.

அம்மையே! மேடம் என்று அழைத்து நாக்குப் பழகிய எங்களுக்கு நாளை முதல் அந்த நாற்காலியைப் பார்க்கும்போது என்ன செய்வதென்று தெரியவில்லை. அறியும் ஆசையையும் அதற்கு ஓர் எல்லையையும் ஒரே மனிதரிடம் நாங்கள் கண்டோம். கண்ணொளி குன்றாமல், கால்வலி அண்டாமல், கணவரும் பிள்ளைகளும் சூழ, மூடியிருப்பதையெல்லாம் திறந்து பார்க்க நேரமும் ஓய்வும் நிறைந்து, நீங்கள் நெடுங்காலம் நலமோடு வாழ வேண்டும். நாத்தனார் இனியாவது பீரோவைத் திறந்து வைக்க வேண்டும்.

இதை உரக்க வாசிக்கும் பொறுப்பை எங்களிடம் கேட்டு வாங்கிக்கொண்டவர் பாலம் சார். இரண்டு வரிக்கு ஒருமுறை அவர் திரையைத் தள்ளுவதை இவ்வளவு நேரம் பொறுத்துக்கொண்ட அவைக்கு நன்றி.

கண்ணாடிச் சட்டமிட்ட பிரதி உங்கள் வீட்டுக்கு வரும். இன்னொரு பிரதியை மின்னூலாக நம் நூலகப் பட்டியலில் ஏற்றியிருக்கிறோம். எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் திறக்கலாம், எழுத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம், எவரும் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது.

கீழே வரும் வரிகள் மட்டும் இன்று காலை சேர்த்தவை. மடலை நேற்று மாலைதான் ஏற்றினோம்; யாருக்கும் சொல்லவில்லை. காலையில் பார்த்தால் மூன்று முறை திறக்கப்பட்டிருக்கிறது. ஒருமுறை தொடக்கத்தில், ஒருமுறை நடுவில், ஒருமுறை கடைசிக்குச் சற்று முன்னால். யார் என்று அறிய அந்த வரியைத் தொட்டால் போதும்.

நாங்கள் தொடவில்லை.

என்றும் உங்கள் அன்பில்,
நூலகப் பணியாளர்களும், பேராசிரியர்களும், படிப்பறையின் நீள மேசைக்காரர்களும்